சென்னைக்கு 4 மணி நேரம், விமான நிலையத்திற்கு?

ஈப்போ - கேஎல்ஐஏ-விலிருந்து சென்னைக்குச் சுமார் 4 மணி நேரத்தில் பறந்துவிடலாம். ஆனால், சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பத்திற்கு அந்தக் கணக்கு போதாது. கேஎல்ஐஏ-க்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர் சாலைப் பயணம். 3 மணி நேரம் முன்னதாகவே அங்கு இருக்கவும் வேண்டும். தமிழகத்தில் ஓர் இறப்பு என்றால், விமானம் ஏறுவதற்குள் அரை நாள் போய்விடும்.

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சிங்கப்பூர் போகலாம். தமிழகத்திற்கு நேரடிச் சேவை இல்லை.

இந்நிலையில்தான், 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ நிறுவனம் பினாங்கு-சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது. இரண்டாவது பாலம் வழியாகச் சென்றால், ஈப்போவிலிருந்து பினாங்கு விமான நிலையம் சுமார் 160 கிலோமீட்டர்தான். சுங்கை சிப்புட், தைப்பிங் மக்களுக்கு இன்னும் பக்கம்.

ஆனால், சொந்த ஊர் திருச்சிப் பக்கம் என்றால் கதை வேறு. சென்னையில் இறங்கி மேலும் 330 கிலோமீட்டர் போக வேண்டும். அவர்களுக்குக் கேஎல்ஐஏ-திருச்சி நேரடி விமானமே மேல்.

ஆகவே, டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். வாடகைக் கார், டோல், காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து, வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல் வரை கணக்குப் போடுங்கள்.