மழைக்காற்று குடித்த காபி

மழைக்காற்று பட்டால் மணம் போய்விடுமென்று காபிப்பொடி டப்பாவை இறுக மூடிவைப்பவர்கள் நாம். ஆனால் அந்தக் காற்றிலேயே வேண்டுமென்று பதப்படுத்தும் கொட்டை ஒன்று உண்டு. பெயர், 'மான்சூன்ட் மலபார்'.

பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்காக ஐரோப்பாவுக்குப் போன கொட்டைகள் கடல் ஈரத்தில் உப்பி, வெளிறி, புளிப்பு அடங்கித் தனிச்சுவை பெற்றன. நீராவிக் கப்பல்களும், 1869ல் திறந்த சூயஸ் கால்வாயும் பயணத்தைச் சுருக்கின. அந்தச் சுவையும் போயிற்று. அதை மீட்கத்தான் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டையைப் பரப்பிப் புரட்டி, ஈரக்காற்றில் ஊறவைக்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்தது.

செம்பூரில் எங்கள் வீட்டு இரும்புச் சட்டியில் வறுத்துப் பார்த்தோம். புளிப்பே இல்லை, மண்வாசனையோடு கனமான டிகாக்ஷன், பால் சேர்த்தாலும் சுவை மங்கவில்லை. "கசப்பு போதாதே!" என்றார்கள் சிலர். சிக்கரிக்குப் பழகிய நாக்கு அப்படித்தான் சொல்லும்.

சிக்கரியை விடச் சொல்லவில்லை. ஆனால் மும்பையில் நம்மை நனைக்கும் அதே பருவமழை தரும் சுவை, ஐரோப்பியருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியவில்லையே! அடுத்தமுறை மாட்டுங்கா போகும்போது, பொடிக்குப் பதில் பச்சைக் கொட்டை கேட்டுப் பாருங்கள். வறுபடும் மணத்தை நம் பிள்ளைகளும் அறியட்டும்.