நகையை அடகு வச்சு எஃப் 1.2 லென்ஸ் வாங்கலாமா?

செம்மண்டலத்துல கல்யாண போட்டோ எடுக்குற தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, வீட்டுக்காரங்க நகையை அடகு வச்சு 50 எம்எம் எஃப் 1.2 லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?"

என் பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

கேனான் ஆர்எஃப் வரிசையில 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். எஃப் 1.2 லென்ஸ் 950 கிராம். விலை 10 மடங்குக்கு மேல. ஆனா கூடுதலா கிடைக்கிற வெளிச்சம்? 2.25 மடங்குதான். தாலி கட்டுற நேரத்துல அதுவும் உதவாது. எஃப் 1.2-ல எடுத்தா பொண்ணு முகம் தெளிவா இருக்கும், ஒரு ஜாண் பின்னாடி இருக்குற மாப்பிள்ளை மங்கிடுவார். ரெண்டு பேரும், முடிச்சு போடுற நாத்தனாரும் தெளிவா விழணும்னா எஃப் 2.8, எஃப் 4-னு குறைச்சுத்தான் ஆகணும். அங்கே ரெண்டு லென்ஸும் உள்ளே விடுற வெளிச்சம் ஒண்ணுதான்.

தனி ஆள் படத்துல எஃப் 1.2-க்கு ஒரு அழகு உண்டு, மறுக்கல. அந்த அழகுக்கு கஸ்டமர் தனியா காசு தர்றாரா? அதுதான் கேள்வி.

இப்போ கணக்கு. விலை 2 லட்சம், 3 வருஷம் கழிச்சு 1 லட்சத்துக்கு விக்கலாம், நாள் வாடகை 1,500 ரூபாய்னு வச்சுக்குவோம். நமக்குப் போற 1 லட்சத்தை 1,500-ஆல வகுத்தா 67 நாள். அதாவது வருஷத்துக்கு 22 நாளுக்கு மேல அந்த லென்ஸ் நிஜமாவே தேவைப்பட்டாதான் சொந்தமா வாங்குறதுல அர்த்தம். அடகு வட்டியைச் சேர்த்தா நாள் இன்னும் கூடும். உங்க பக்கத்து வாடகையைப் போட்டு நீங்களே பாருங்க.

சிதம்பரத்துல 1981-லேருந்து சிவராத்திரிக்கு நடக்குற நாட்டியாஞ்சலி மாதிரி வேலைக்கு 70-200 எஃப் 2.8 வேணும். அதுவும் சில நாள்தான். வாடகைக்கு எடுங்க, போதும்.

இன்னொண்ணு. லென்ஸ் விலையில 18% ஜிஎஸ்டி இருக்கு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னத் தொழில்னா அந்தக் காசு திரும்ப வராது.

ஆடியில, மார்கழியில முகூர்த்தம் கிடையாது. வட்டிக்கு அந்த லீவு கிடையாது. 2011 டிசம்பர் 30-ல தானே புயலைப் பார்த்த ஊர் இது. 6 மாச வீட்டுச் செலவு கையில இருக்கட்டும். நகை வீட்டுல இருக்கட்டும். வாடகைக்கு எடுத்தே 22 நாள் தாண்டுற வருஷம் வரட்டும். அப்போ சம்பாதிச்ச காசுல வாங்குங்க, நானே வந்து வாழ்த்துறேன்.