லெகோ பெட்டியில் முதலீடு... வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

'இந்தப் பொம்மையை வாங்கிப் பிரிக்காமல் வையுங்கள். ஐந்தே வருடத்தில் விலை இரண்டு மடங்கு!' லெகோ செட் பற்றி இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ரீல்ஸில் சொல்லாத விஷயங்களும் நிறைய.

ஏன் விலை ஏறுகிறது?

லெகோ, டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-ல் தொடங்கிய நிறுவனம். 1958-ல் செய்த கட்டை, இன்று செய்யும் கட்டையோடும் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் பழசு என்று யாரும் ஒதுக்குவதில்லை.

அதேசமயம், ஒரு மாடல் எப்போதும் கடையில் இருக்காது. பெரும்பாலானவை இரண்டு வருடம் போல விற்றுவிட்டுத் தயாரிப்பு நின்றுவிடும். சேகரிப்பவர்கள் இதை 'ரிட்டயர் ஆகிவிட்டது' என்பார்கள். அதற்குள் வாங்கியவர்களில் பலர் பிரித்து விளையாடியிருப்பார்கள். பிரிக்காத பெட்டிகள் குறையக் குறைய விலை ஏறும்.

ரஷ்யாவின் ஹையர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரையிலான 2,322 செட்களின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்தார்கள். சராசரியாக ஆண்டுக்கு 11% லாபம் என்றது ஆய்வு. விலை ஏறத் தொடங்குவது தயாரிப்பு நின்று இரண்டு, மூன்று வருடங்களுக்குப் பிறகுதான். ஆனால், இது சராசரி மட்டுமே. பாதி விலைக்கு இறங்கிய செட்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

தாஜ்மஹால் கதை

2008-ல் லெகோ 5,922 துண்டுகள் கொண்ட தாஜ்மஹால் செட்டை சுமார் 300 டாலருக்கு வெளியிட்டது. தயாரிப்பு நின்றதும் மறுவிற்பனை விலை ஆயிரம் டாலரைத் தாண்டிப் போனது. 'இன்னும் ஏறும்' என்று பலர் பிடித்து வைத்தார்கள்.

2017 நவம்பரில் லெகோ அதே தாஜ்மஹாலை மறுபடியும் 370 டாலருக்குக் கடைக்குக் கொண்டுவந்தது. புதிதே கிடைக்கும்போது பழைய பெட்டிக்கு யார் ஆயிரம் டாலர் கொடுப்பார்? விலை சரிந்தது.

2007-ல் 140 டாலருக்கு வந்த 'கஃபே கார்னர்' செட்டுக்கு இப்படி நடக்கவில்லை. அதன் விலை பல மடங்கு ஏறியது. எது மறுபடி வரும், எது வராது என்பது நிறுவனத்தின் கையில். நம் கையில் இல்லை.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

ஒரு கணக்குப் போடுவோம். 10,000 ரூபாய்க்கு வாங்கிய செட், ஐந்து வருடம் கழித்து 15,000 ரூபாய்க்குப் போகிறது. 50% லாபம் என்று தோன்றும். விற்கும் தளத்தின் கமிஷன், பேக்கிங், கூரியர் என 2,000 ரூபாய் போனால் மிச்சம் 3,000. ஆண்டுக்கு ஐந்தரை சதவிகிதம்கூட இல்லை. வங்கி டெபாசிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 20% ஆக இருந்த பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 60%, 2023-ல் 70% என உயர்ந்தது. வெளிநாட்டுக்காரர் குறைந்த விலைக்கு வாங்கியதை நாம் கூடுதல் விலைக்கு வாங்கினால், அவர் பார்க்கும் லாபம் நமக்கு வராது.

எப்படித் தொடங்கலாம்?

* முதலில் ஒரே ஒரு செட் போதும். சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ், அவசரத் தேவைக்கு வைத்த பணம் ஆகியவற்றைத் தொட வேண்டாம். அவசரத்துக்கு ஒரே நாளில் விற்றுக் காசாக்க இது தங்கம் இல்லை.

* 'பிரிக்லிங்க்' தளத்தில் ஒவ்வொரு செட்டும் கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்கு விற்றது என்று பார்க்கலாம். விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். விற்று முடிந்த விலைதான் கணக்கு.

* தள்ளுபடியில் வாங்குங்கள். வாங்கும்போது மிச்சமாவதுதான் உறுதியான லாபம்.

* அசல் கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் லெகோ பெயர் இருக்கும். ஆனால், சீல் பிரிக்காமல் அதைப் பார்க்க முடியாது. எனவே நம்பகமான கடையில், பில்லோடு மட்டும் வாங்குங்கள். விற்கும்போதும் அந்த பில் உதவும்.

* பெட்டி நசுங்கினாலே விலை குறையும். பரணில் போட்டால் சூடு, சுவரோரம் வைத்தால் ஈரம், தரையில் வைத்தால் கரையான். வெயில் படாத அலமாரியில், மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா?

பிறந்தநாளுக்கு வந்த பெட்டியைக் காட்டிவிட்டு, 'இதைப் பிரிக்கக் கூடாது, விலை ஏறும்' என்று பிடுங்கி வைக்காதீர்கள். குழந்தைக்கு வாங்கியது குழந்தைக்குத்தான். பிரித்து விளையாடிய செட்டும் மதிப்பில்லாததாகிவிடாது. துண்டுகள், குட்டி மனித உருவங்கள், விளக்கப் புத்தகம், பெட்டி எல்லாம் குறையாமல் இருந்தால், சீல் பிரிக்காததைவிடக் குறைந்த விலைக்கு என்றாலும், பழைய செட்டாக வாங்க ஆள் இருக்கிறது.

காசு கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'விலை ஏறாமல் போனாலும் இதை நாங்களே பிரித்துச் சந்தோஷமாகக் கட்டுவோமா?' ஆமாம் என்றால் வாங்குங்கள். இல்லை என்றால், அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.