சாக்லேட் கொடுத்தால் சமர்த்து வருமா?



"கண்ணா, இந்தப் பாலைக் குடிச்சுடு, சாக்லேட் தரேன்." "ஹோம்வொர்க்கை முடிச்சாத்தான் செல்போன்." "ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கு, அப்பாகிட்ட சொல்லி சைக்கிள் வாங்கித் தரச் சொல்றேன்."

காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு பிள்ளை தூங்கும்வரை இப்படி எத்தனை பேரம் பேசுகிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். காய்கறிக் கடையில்கூட நாம் இத்தனை பேரம் பேசமாட்டோம்! நான் குற்றம் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சாக்லேட்டில் காரியம் முடிகிறதென்றால் யார்தான் கொடுக்கமாட்டார்கள்?

ஆனால் இந்தப் பேரம் எங்கே பலிக்கிறது, எங்கே நமக்கே எதிராகத் திரும்புகிறது என்பதை மனோதத்துவ நிபுணர்கள் ஐம்பது வருஷங்களாகச் சோதித்துப் பார்த்து வருகிறார்கள். அவற்றில் மூன்று சோதனைகளை இந்த இதழில் சொல்கிறேன். ஒன்று படம் வரைவது பற்றி, இன்னொன்று பிறருக்கு உதவுவது பற்றி, மூன்றாவது புத்திசாலித்தனம் பற்றி. பிள்ளை வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

தங்க நட்சத்திரச் சான்றிதழ்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே பிங் நர்சரி ஸ்கூல் என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று நிபுணர்கள் அங்கே செய்த சோதனை 1973-ல் வெளியாயிற்று.

விளையாட்டு நேரத்தில் மேஜைமேல் கலர் கலராக ஸ்கெட்ச் பேனாக்களும் வெள்ளைத் தாள்களும் வைத்தார்கள். யாரும் சொல்லாமலே ஆசையாக வந்து வரைகிற குழந்தைகள் யார் யார் என்று ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். அப்படி ஆசை உள்ள 51 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிஞ்சுகள்.

பிறகு ஒவ்வொரு குழந்தையையும் தனி அறைக்கு அழைத்துப்போய் ஆறு நிமிஷம் வரையச் சொன்னார்கள். சில குழந்தைகளிடம் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த அழகான சான்றிதழைக் காட்டி, "படம் வரைந்தால் இது உனக்கு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலரிடம் எதுவும் சொல்லவில்லை. வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழை எதிர்பாராமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே கிடையாது. சும்மா வரைந்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பறையில் மறுபடியும் அதே பேனாக்களை வைத்தார்கள். இப்போது பரிசு என்ற பேச்சே இல்லை. என்ன நடந்தது தெரியுமா? பரிசே வாங்காத குழந்தைகள் விளையாட்டு நேரத்தில் சுமார் 17 சதவீதம் வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்கள் 18 சதவீதம். முன்கூட்டியே பேசிவைத்துப் பரிசு வாங்கிய குழந்தைகளோ 9 சதவீதம்கூட இல்லை! ஆசையில் பாதி போய்விட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. தனி அறையில் வரைந்த படங்களை, எந்தப் படம் யாருடையது என்று தெரியாதவர்களிடம் கொடுத்து மார்க் போடச் சொன்னார்கள். சான்றிதழுக்காக வரைந்த படங்களுக்குத்தான் மார்க் குறைவு.

காரணம் என்ன? "நான் ஏன் வரைகிறேன்?" என்று குழந்தை தன்னையே கேட்டுக்கொள்கிறது, நம்மைப் போல வார்த்தையில் அல்ல, மனசுக்குள்ளே. முன்பெல்லாம் "எனக்குப் பிடிக்கும்" என்பதுதான் பதில். பரிசு வந்தபின் "அது கிடைக்கும் என்பதற்காக" என்று பதில் மாறிவிடுகிறது. விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. கூலி நின்றால் வேலையும் நிற்கத்தானே செய்யும்?

பொம்மைக்காக உதவி

வரைவது போகட்டும், பிறருக்கு உதவும் குணம்? அதையும் பார்த்துவிட்டார்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இருவர் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்துச் சோதனை செய்து 2006-ல் வெளியிட்டார்கள்.

ஒருவர் கொடியில் துணி உலர்த்துகிறார். துணிக்கு மாட்டும் கிளிப்பு கை தவறிக் கீழே விழுகிறது. குனிந்து எட்டமுடியாமல் தவிக்கிறார். தத்தித் தத்தி நடக்கிற குழந்தை போய், எடுத்துக் கையில் கொடுக்கிறது! இரண்டு கையிலும் பத்திரிகைகளைச் சுமந்துகொண்டு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றால், குழந்தை போய்க் கதவைத் திறந்துவிடுகிறது. 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு தடவையாவது இப்படி உதவினார்கள். கேட்கவுமில்லை, கொஞ்சவுமில்லை. அதே கிளிப்பை வேண்டுமென்றே வீசி எறிந்தால் குழந்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. யாருக்கு உதவி தேவை என்பது அந்த வயதிலேயே புரிகிறது பாருங்கள்.

2008-ல் அவர்களே அடுத்த சோதனையை வெளியிட்டார்கள். இருபது மாதக் குழந்தைகள். உதவிய ஒவ்வொரு தடவையும் சிலருக்கு ஒரு கட்டை கொடுத்தார்கள். அதைப் பெட்டியில் போட்டால் கலகலவென்று சத்தம் வரும், குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. சிலருக்கு "நல்ல பிள்ளை, ரொம்ப நன்றி" என்று வாய்வார்த்தை மட்டும். சிலருக்கு அதுவும் இல்லை. பிறகு எல்லோருக்கும் பரிசை நிறுத்தினார்கள். கட்டை வாங்கிப் பழகிய குழந்தைகள்தான் உதவுவதைக் குறைத்துக்கொண்டன. நன்றி சொல்லக் கேட்டவையும், ஒன்றுமே வாங்காதவையும் முன்போலவே ஓடி ஓடி உதவின.

நம் வீட்டிலும் இதே சமாசாரம்தானே? இரண்டு வயதில் துடைப்பத்தைப் பிடுங்கி "நான் பெருக்குறேன்" என்று அடம் பிடித்த பெண், பத்து வயதில் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வர "எனக்கு என்ன தருவே?" என்கிறாள். நடுவில் நாம் கொடுத்த கூலியும் அதற்கு ஒரு காரணம்.

'புத்திசாலி' என்ற பட்டம்

சமீபத்தில் ஒரு சகோதரி மனம் வருந்தி எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்புவரை எல்லாவற்றிலும் முதலாவதாக வந்த மகள். இப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் 43 மார்க் வாங்கிய விடைத்தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்து, அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறாள். "நாங்க அவளை ஒரு நாளும் அடிச்சதில்லை, திட்டினதுகூட இல்லை. எங்க வீட்டு புத்திசாலி நீதான்னு சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தோம். இந்தப் பொய் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு 1998-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் இருவரும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் படப் புதிர்கள் கொடுத்தார்கள். ஒரு கோலத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். பொருத்தமான துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ரேவன் 1938-ல் வெளியிட்ட அறிவுச் சோதனையின் வகை அது.

முதல் பத்துப் புதிர்கள் முடிந்ததும் எல்லோரிடமும் "ரொம்ப நல்ல மார்க்" என்றார்கள். அதோடு சிலரிடம் "நீ புத்திசாலியாகத்தான் இருக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வாக்கியம். சிலரிடம் "நீ நன்றாக உழைத்திருக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் "புதிதாகக் கற்றுக்கொள்கிற மாதிரி கொடுங்கள்" என்றார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், தங்கள் கெட்டிக்காரத்தனம் குறையாமல் தெரிகிற புதிர்களையே கேட்டார்கள்.

பிறகு வேண்டுமென்றே கஷ்டமான புதிர்கள் கொடுத்து, "இந்தத் தடவை நிறையத் தப்பு" என்று எல்லோரிடமும் சொன்னார்கள். மூன்றாவதாக, முதலில் கொடுத்த அளவுக்கே சுலபமான புதிர்கள். உழைப்பாளிகள் முதல் தடவையைவிட நன்றாகச் செய்தார்கள். 'புத்திசாலிகள்' முதல் தடவையைவிட மோசமாகச் செய்தார்கள்! அவர்களுக்குப் புதிரில் இருந்த சந்தோஷமும் குறைந்துபோயிற்று.

கடைசியில் வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுதச் சொல்லி, "உன் மார்க்கையும் எழுது" என்றார்கள். பெயர் போட வேண்டாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியும் புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 38 பேர் மார்க்கைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களில் 13 பேர்தான்.

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். உங்கள் மகள் கெட்டவள் அல்ல. 43 மார்க்கை அவள் கணக்குத் தப்பாக நினைக்கவில்லை. "நான் புத்திசாலி இல்லை என்று அம்மா அப்பாவுக்குத் தெரிந்துவிடும்" என்று பயந்திருக்கிறாள். முதலில் கையெழுத்து போட்டது தப்பு என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்புறம் விடைத்தாளை மேஜைமேல் விரித்து, "எந்த இடத்துல தடுக்குச்சு, வா பார்க்கலாம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். 43 வாங்கினாலும் இந்த வீட்டில் தன் இடம் அப்படியே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

"அப்போ பாராட்டவே கூடாதா?"

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தாராளமாகப் பாராட்டலாம். பரிசும் கொடுக்கலாம். 1999-ல் டெஸி, கோஸ்ட்னர், ரையன் என்ற மூவர் அதுவரை நடந்த 128 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். முன்கூட்டிப் பேசிவைத்துக் கொடுக்கும் பொருள்தான் பொதுவாக ஆசையைக் குறைக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது அதிகம். எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு கெடுப்பதில்லை.

ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பேச்சை மாற்றிவிட்டால் பிள்ளை மேதையாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அறிவு உழைப்பால் வளரும் என்று கற்றுக்கொடுத்தால் மார்க் கூடுமா என்று அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். மார்க் குறைவாக வாங்குகிறவர்களுக்குப் பலன் இருந்தது. ஆனால் சிறிய பலன்தான். இது மந்திரம் அல்ல, நல்ல பழக்கம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. பிள்ளை தானாக ஆசையாகச் செய்கிற எதற்கும் விலை பேசாதீர்கள். படம், பாட்டு, கதைப் புத்தகம், தங்கச்சிக்குச் சோறு ஊட்டுவது எல்லாம் இதில் சேரும்.

2. கசப்பு மருந்து குடிப்பது, ஊசி போட்டுக்கொள்வது போன்றவற்றுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தால் தப்பில்லை. அங்கே கெட்டுப்போக ஆசையே இல்லையே!

3. "நீ புத்திசாலி" என்பதற்குப் பதில், செய்ததைச் சொல்லுங்கள். "மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டே, நாலாவது தடவை வந்துடுச்சு பாத்தியா?"

4. படத்தைக் காட்டினால் "சூப்பர்" என்று திரும்பிக்கொள்ளாமல் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த ஆடு ஏன் பச்சையா இருக்கு?" பதில் ஐந்து நிமிஷம் வரும்.

5. வீட்டு வேலையில் உதவினால் காசு வேண்டாம். "நீ வெங்காயம் உரிச்சதால சமையல் சீக்கிரம் முடிஞ்சுது" என்றால் போதும்.

6. சந்தோஷத்துக்காக வாங்கிக் கொடுப்பதைச் சந்தோஷமாக வாங்கிக் கொடுங்கள். மார்க்கோடு முடிச்சுப் போட வேண்டாம்.

யாரை எப்போது புகழ வேண்டும் என்று ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. வேலை செய்பவரை வேலை முடிவில் புகழ வேண்டும், பெற்ற பிள்ளைகளை நெஞ்சுக்குள்ளேயே புகழ வேண்டும் என்பது அதில் வரும் கருத்து. இரண்டையும் சேர்த்து, பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அது செய்த வேலையை வேலை முடிவில் பாராட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த இதழ் வருவதற்குள் ஒரு காரியம் செய்து பாருங்கள். வழக்கமாகப் பேசும் பேரங்களில் ஒன்றை மட்டும் பதினைந்து நாள் நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் ரகளை இருக்கும், பயப்படாதீர்கள். என்ன ஆயிற்று என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். பலிக்காவிட்டாலும் எழுதுங்கள், அதையும் சேர்த்துப் பேசுவோம்.