மொழித் தேர்வு என்னும் முதல் வாயில்: அயல்மொழி கற்கும் தலித் இளைஞர்களின் முன்னுள்ள தடை

2024 அக்டோபரில் ஜெர்மனி அரசு, திறன்பெற்ற இந்தியர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களின் எண்ணிக்கையை 20,000-இலிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக அறிவித்தது. ஜப்பான் 2019 முதல் முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, கட்டுமானம் முதலிய துறைகளுக்கெனத் தனி விசா வகையொன்றை உருவாக்கி அயல்நாட்டினரைச் சேர்த்து வருகிறது. இத்தகைய அறிவிப்புகள் வரும்போதெல்லாம், உலகின் கதவுகள் இந்திய இளைஞர்களுக்குத் திறந்துவிட்டன என்று பேசப்படுகிறது. எந்த இளைஞர்களுக்கு என்று நாம் கேட்க வேண்டியுள்ளது. அந்தக் கதவுகள் பலவற்றின் முன்னும் ஒரு மொழித் தேர்வு நிற்கிறது. அத்தேர்வைக் கடப்பதற்கான செலவும் காலமும் இங்கே சாதியின் அடிப்படையில்தான் பங்கிடப்பட்டுள்ளன.

ஜெர்மனியில் செவிலியராகத் தொழில் உரிமம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலைச் சான்று தேவை. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் ஆறு படிகளுள் இது நான்காவது. தொடக்கத்திலிருந்து இப்படியை எட்ட 600 முதல் 800 பாடவேளைகள் வேண்டும் என்பது கோதே நிறுவனத்தின் கணிப்பு. ஒரு பாடவேளை 45 நிமிடம். அதாவது 450 முதல் 600 மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் 225 முதல் 300 நாள்கள் ஆகும். வீட்டில் படிக்கும் நேரம் இக்கணக்கில் சேராது. மாறி மாறி வரும் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்றால், அவருடைய சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்தின் நிலை என்ன? சேமிப்போ நிலமோ உள்ள குடும்பம் ஓராண்டைத் தாங்கிக்கொள்ளும். தலைமுறைச் சொத்து மறுக்கப்பட்ட குடும்பத்துக்கு அந்த ஓராண்டே பெருங்கடன்.

உயர்கல்வியிலும் இதே முரண்பாடு உள்ளது. பட்டியல் சாதி மாணவர்கள் அயல்நாடு சென்று பயில்வதற்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் உள்ள இடங்கள் 125. அவற்றுள் பட்டியல் சாதியினருக்கு 115. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதே திட்டம், முன்னிலைப் பல்கலைக்கழகம் ஒன்றிடமிருந்து நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதத்தையும் கேட்கிறது. மொழித் தேர்வுச் சான்று கேட்கும் பல்கலைக்கழகம், அது கைக்கு வரும்வரை நிபந்தனையற்ற கடிதத்தைத் தருவதில்லை. ஐஇஎல்டிஎஸ் தேர்வை ஒரு முறை எழுதவே 17,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. அதன் மதிப்பெண் பொதுவாக ஈராண்டுக்கே செல்லுபடியாகும். மதிப்பெண் சற்றுக் குறைந்தால் மீண்டும் பணம், மீண்டும் காத்திருப்பு. ஏழை மாணவருக்கென வகுக்கப்பட்ட உதவி, அவர் முதல் பெருஞ்செலவைத் தாமே செய்து முடித்த பின்னரே அவரை அடைகிறது. அச்செலவைச் செய்ய இயலாதவர் விண்ணப்பதாரர் கணக்கிலேயே வருவதில்லை. எனவே அவர் விடுபட்டது எந்த அரசு அறிக்கையிலும் பதிவாவதும் இல்லை.

இவ்விடத்தில் வழக்கமாக ஒரு விளக்கம் முன்வைக்கப்படுகிறது: வயது வந்தபின் மொழி வராது, சிலருக்கே அந்தத் திறமை உண்டு என்பது அது. ஆய்வுகள் இவ்வளவு எளிமையாகப் பேசவில்லை. நெதர்லாந்தில் குடியேறி டச்சு மொழி கற்ற ஆங்கிலம் பேசுவோரை ஆராய்ந்து, கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்னகெல்-ஹோலேயும் 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொடக்க மாதங்களில் மிக வேகமாகக் கற்றவர்கள் வளரிளம் பருவத்தினர். பெரியவர்களும் சிறு குழந்தைகளை முந்தினர். உச்சரிப்பில் குழந்தைகளுக்கு நீண்டகால நன்மை உண்டு என்பது உண்மையே. ஆனால் மொழித் தேர்வு பிறவி உச்சரிப்பைக் கேட்பதில்லை. புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் கேட்கிறது. இதை அடையத் தேவைப்படுபவை நேரமும் ஆசிரியரும் பேசிப் பழகத் துணையும் ஆகும். சிறுவயது முதல் ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றவரின் பழக்கத்தைத் திறமை என்றும், அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்றவரின் தயக்கத்தைத் திறமையின்மை என்றும் பெயரிடுவது, சாதிச் சலுகையைத் தகுதி என்று அழைக்கும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே.

நம் வரலாறு இதற்கு வேறு விடை தருகிறது. பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். பின்னாளில் சமஸ்கிருதத்தைத் தம் முயற்சியால் கற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது பிரெஞ்சு, ஜெர்மன் பாடங்களையும் எடுத்தார். 1922-இல், முப்பது வயதைக் கடந்த நிலையில், ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தை நாடினார். அவர் தொகுத்த பாலி அகராதியும் இலக்கணமும் அவரது நூல் தொகுப்பின் 16-ஆம் தொகுதியாக உள்ளன. ஆயினும் அவரைத் தனிமனித மேதைமைக்குச் சான்றாக மட்டும் காட்டுவது பிழையாகும். கொலம்பியாவுக்கு அவரைக் கொண்டுசேர்த்தது பரோடா அரசின் உதவித்தொகை. உழைப்புக்கு நேரத்தை வாங்கித் தந்தது அந்த நிதி.

இன்று செய்யக்கூடியவை தெளிவாகவே உள்ளன. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021-இல் ஜெர்மன் அரசு முகமைகளுடன் ஒப்பந்தம் செய்து, தேர்ந்தெடுக்கப்படும் செவிலியர்களுக்குப் பி1 நிலைவரை இலவச மொழிப் பயிற்சிக்கு வழிசெய்தது. தமிழ்நாட்டில் தாட்கோ ஐஇஎல்டிஎஸ் உள்ளிட்ட தேர்வுகளுக்கும், செவிலியர்களுக்கான ஜெர்மன் மொழிக்கும் பயிற்சிகளை அறிவித்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. வகுப்பு இலவசமாக இருப்பது மட்டும் போதாது. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. மொழிப் பயிற்சிக் காலம் முழுவதற்கும் மாத உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். தேர்வுக் கட்டணத்தை, இரண்டாம் முயற்சி உட்பட, அரசே முன்கூட்டிச் செலுத்த வேண்டும். மொழிச் சான்று ஒன்றே பாக்கியுள்ள சேர்க்கைக் கடிதத்தை ஏற்று, உதவித்தொகைக்குத் தற்காலிகத் தேர்வு வழங்க ஒன்றிய அரசு விதிகளைத் திருத்த வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்தே மாலைநேர மொழி வகுப்புகள் தொடங்க வேண்டும்.

மாணவர் அமைப்புகள் இதைத் தத்தம் கல்லூரிகளிலிருந்தே தொடங்கலாம். எத்தனை பேர் விண்ணப்பித்தனர் என்ற கணக்கு அரசிடம் உள்ளது. மொழித் தேர்வின் வாயிலிலேயே எத்தனை பேர் திரும்பிப் போயினர் என்ற கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும்.