உதவிக்கு விலை ஞானஸ்நானம் அல்ல

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். தாய், தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. இறந்தோரின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. தலைவர்கள் வந்து ஆறுதல் சொல்லிப் போனார்கள்.

இப்படிப்பட்ட தெருவுக்குள் கிறிஸ்தவர்கள் எப்படிப் போக வேண்டும்? அரிசி மூட்டைக்கோ, பள்ளிக் கட்டணத்துக்கோ, குடிநோய் சிகிச்சைக்கோ ஜெபக்கூட்டமும் ஞானஸ்நானமும் விலையாகக் கூடாது என்பதே இதை வெளியிடும் சேவை அமைப்பின் நிலைப்பாடு.

மனசாட்சி மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவத்தைத் தழுவும் தலித் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறார். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக்கு அந்த இழப்பு இல்லை. பழங்குடித் தகுதி மதத்தைப் பார்ப்பதில்லை. ஆக, பசியில் கை நீட்டும் கருணாபுரத்துத் தலித் தாயிடம் நிபந்தனை வைப்பவர், அவள் பிள்ளையின் இடஒதுக்கீட்டையும் சேர்த்தே கேட்கிறார். இது அநியாயம். அந்த ஆணையைத் திருத்தக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை அமைப்பு முழு மனதோடு ஆதரிக்கிறது.

கள்ளக்குறிச்சி அடங்கியிருந்த பழைய தென்னார்க்காட்டுக்கு மிஷனரிப் பணி புதிதல்ல. சபைக்குள் சாதிக்கு இடம் கொடுத்த லைப்சிக் மிஷனோடு முரண்பட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேரூன்றினார். அங்கிருந்துதான் டேனிஷ் மிஷனின் பணி வளர்ந்தது. சாதியைச் சகிக்காத அந்தப் பிடிவாதம் இன்றும் வேண்டும்.

கூடவே, நீண்ட காலம் தங்கி உழைக்கும் பொறுமையும் வேண்டும். வேலூர் சி.எம்.சி. கிறிஸ்தவ மருத்துவமனை நகர ஏழைகளுக்கென்றே 1982-இல் குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, இன்றுவரை நடத்துகிறது. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சிட்டிலிங்கியில் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993-இல் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிறகு இயற்கை விவசாயம், கைத்தொழில் என்று வேலை விரிந்தது. அவர்களுடையது மிஷன் நிறுவனம் அல்ல. ஆனாலும் மிஷன்கள் அதனிடம் பாடம் கேட்கலாம்.

சாராயச் சாவுகளுக்குப் பிறகு கள்ளச்சாராய ஊறல் தேடிப் போலீஸ் கல்வராயன் மலையேறியது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, ஆஸ்பத்திரி, பிழைப்பு இல்லாத மலையில் ஊறல் பானைகளை உடைப்பது மட்டும் போதாது.

திருச்சபைகளுக்கு அமைப்பு விடுக்கும் வேண்டுகோள் இது: கருணாபுரத்துக்கு நிவாரண வண்டி அனுப்பியதோடு நிற்காதீர்கள். குடிநோய் ஆலோசகரையும் செவிலியரையும் அங்கேயே தங்கவைத்து, பல ஆண்டுகளுக்கு அவர்கள் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு வருகிறவரிடம் மதம் கேட்காதீர்கள்.