இறந்த அம்மாள் பதில் எழுதினார்!

அமெரிக்காவில் லின் என்று ஓர் ஊர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் செருப்புத் தொழிலுக்குப் பேர் போன ஊர்.

அந்த ஊரில் வாழ்ந்தவர் லிடியா பிங்காம் அம்மாள். 1819-ம் ஆண்டு பிறந்தவர். இவர் வேர்களையும் விதைகளையும் போட்டு வீட்டு அடுப்பில் மருந்து காய்ச்சுவார். அக்கம் பக்கத்துப் பெண்களுக்குச் சும்மா கொடுப்பார்.

1873-ம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பணமுடை ஏற்பட்டது. அம்மாளின் கணவர் சொத்தை இழந்தார். குடும்பம் தத்தளித்தது. சும்மா கொடுத்த மருந்தை விற்பது என்று முடிவு செய்தார்கள். 1875-ல் விற்பனை தொடங்கியது. ஒரு பாட்டில் விலை ஒரு டாலர்.

பெண்களுக்கு வரும் தொல்லை எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வரும் தொல்லையும் அதில் அடக்கம். அம்மாளின் படம் பத்திரிகைகளில் வந்தது. குறைகளை அம்மாளுக்கே எழுதலாம் என்றும் அறிவித்தார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. புருஷனிடம் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை, பெண்கள் அம்மாளுக்கு எழுதினார்கள்.

1883-ல் அம்மாள் இறந்து போனார். ஆனால் கடிதம் எழுதிய பெண்களுக்குப் பதில் வருவது நிற்கவில்லை!

கல்லறை சொன்ன உண்மை

1905-ல் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்று, லின் நகரத்துக் கல்லறையைப் படம் பிடித்து வெளியிட்டது. கல்லில் அம்மாள் இறந்த ஆண்டு தெளிவாக இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதில் எழுதியவர்கள் கம்பெனி ஆட்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது.

அந்த மருந்தில் என்ன இருந்தது? நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம் இருந்தது. 'பிளாக் கோஹோஷ்' என்னும் அமெரிக்கக் காட்டுச் செடியின் வேர் இருந்தது. வேறு சில வேர்களும் இருந்தன. அவற்றோடு நூற்றுக்குச் சுமார் 18 பங்கு சாராயமும் இருந்தது! பீரில் இருப்பதைப் போல் மூன்று மடங்குக்கு மேல். குடித்தவுடன் தெம்பு வந்ததில் வியப்பு இல்லை.

மறுபடியும் அதே வேர்

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. பிளாக் கோஹோஷ் இன்றும் மாத்திரையாக விற்கிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். நம் நாட்டு மூலிகைகளையும் இப்படியே மாத்திரையாக்கி விற்கிறார்கள்.

மாத்திரை வேலை செய்கிறதா? அமெரிக்காவில் 351 பெண்களை வைத்து ஓராண்டு காலம் சோதித்தார்கள். முடிவு 2006-ல் வெளியாயிற்று. சிலருக்கு இந்த வேர். சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. வேர் சாப்பிட்டவர்களுக்கு வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிக நன்மை இல்லை.

2012-ல் இத்தகைய 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 2,027 பெண்கள். இந்த வேர் பயன் தரும் என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் "எனக்குக் குணமாயிற்று" என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தொல்லை ஓரளவு குறைந்தது. இந்தத் தொல்லை கூடும், குறையும். குறையும்போது கையில் இருக்கும் பாட்டிலுக்குப் பெயர் கிடைக்கிறது.

பச்சிலைதானே என்று எண்ணலாமா?

பச்சிலை ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். எருக்கும் அரளியும் பச்சிலைதான்!

பிளாக் கோஹோஷ் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டது. இது அபூர்வம்தான். ஆனாலும் 2006-ல் பிரிட்டிஷ் மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்தது. அமுக்கரா மாத்திரை சாப்பிட்ட சிலருக்கும் கல்லீரல் கெட்டதாக மருத்துவ ஏடுகளில் செய்தி வந்திருக்கிறது. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

சித்த வைத்தியர் நாடி பார்க்கிறார். நாக்கைப் பார்க்கிறார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார். அதன் பிறகே மருந்து கொடுக்கிறார். கடையில் வாங்கும் பாட்டில் யாருடைய நாடியையும் பார்ப்பதில்லை.

அடுப்படியில் நிற்கும் தாய்

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்குகிறது; பிறகு குறைந்துவிடுகிறது. உடம்பின் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. முகமும் கழுத்தும் குப்பென்று சூடாகின்றன. வியர்வை கொட்டுகிறது. இரவில் தூக்கம் இல்லை. காலையில் கோபம் வருகிறது. சிலருக்கு இது விரைவில் தீரும். பலருக்கு ஏழு ஆண்டுக்கு மேலும் நீடிக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "அம்மாவுக்கு வரவர மூக்குக்கு மேல் கோபம்" என்கிறார்கள். அம்மா வாயை மூடிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பாட்டிலை ரகசியமாக வாங்குகிறாள்.

இதற்கு டாக்டர்களிடம் வைத்தியம் உண்டு. ஹார்மோன் மருந்து நல்ல பலன் தரும். 2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி, அதனால் மார்புப் புற்றுநோய் வரக்கூடும் என்று கூறியது. பெண்கள் பயந்தார்கள். பலர் மூலிகைப் பக்கம் திரும்பினார்கள். அறுபது வயதுக்கு உட்பட்ட, தொல்லை மிகுந்த பெண்கள் பலருக்குத் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய டாக்டர்களின் கருத்து. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், இரத்தக் கட்டி வந்தவர்களுக்கும் பொதுவாக இது கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்து உண்டு. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

ஒன்றை மட்டும் எந்தப் பெண்ணும் மறக்கக் கூடாது. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு மறுபடியும் இரத்தம் கண்டால், அது கருப்பைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். அப்போது எந்தப் பாட்டிலையும் நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

காதுதான் மருந்து

லிடியா அம்மாளின் மருந்து ஏன் விற்றது? வேரினால் மட்டும் அல்ல. சாராயத்தினால் மட்டும் அல்ல. பெண்களின் குறையைக் கேட்க ஓர் ஆள் இருப்பதாக அது சொல்லிற்று. அதனால்தான் இறந்தவருக்குக் கூடக் கடிதம் எழுதினார்கள்.

கணவன் கேட்கட்டும். மகன் கேட்கட்டும். மகளும் மருமகளும் கேட்கட்டும். "உடம்புக்கு என்னம்மா செய்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டு, டாக்டரிடம் உடன் போகட்டும்.

வீட்டில் கேட்க ஆள் இருந்தால், தாய் ஏன் பாட்டிலிடம் குறை சொல்லப் போகிறாள்?